எண்ணக் கூடாத கீறல்கள்

பல்லில் கீறல் படிக்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் மைக்ராஸ்கோப் எங்கே என்றுதான் தேடுகிறார்கள். நான் ஒரு பஞ்சுக் குச்சியையும் அசிட்டோன் பாட்டிலையும் கையில் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன். முகம் கொஞ்சம் வாடும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர்களுக்குப் பல் துடைக்கவா வந்தோம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் இந்தத் தொழிலில் பாதி துடைப்பதில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி அச்சு எடுப்பதிலும் வார்ப்பதிலும் போய்விடும். லென்ஸில் கண் வைப்பது கடைசியில்தான். அதற்குள் பரப்பு கெட்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் காப்பாற்றாது.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் பல் செட் கட்டும் லேப் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பிளாஸ்டர் கலக்கி, மெழுகு செதுக்கி, டெக்னீஷியன் ஆனவன். இப்போது சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் சொந்தமாக ஒரு சின்ன அறை இருக்கிறது. பல் செட்டும் கிரவுனும்தான் இன்றைக்கும் சோறு போடுகின்றன. அதோடு கூட, விலங்குப் பற்களை ஆராய்கிறவர்கள் அனுப்பும் அச்சுகளை வார்த்துக் கொடுக்கிறேன், கீறல் எண்ணிக் கொடுக்கிறேன், ஆர்வத்தோடு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன்.

வேலை இதுதான். ஒரு மிருகம் புல் மேய்ந்ததா, தழை கடித்ததா, கொட்டை உடைத்ததா என்பதை அதன் பல்லின் தேய்முகத்தில் விழுந்திருக்கும் நுண்ணிய கீறல்களையும் குழிகளையும் வைத்துச் சொல்வது. வெறும் கண்ணுக்கு அந்த முகம் வழவழவென்று இருக்கும். 35 மடங்கு பெரிதாக்கினால் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் 500 மடங்கில் பார்த்தால் உழுத வயலே தெரியும். புல் தின்னிக்கு நெருக்கமாக நீளமான கோடுகள், தழை தின்னிக்குக் குறைவான கோடுகள், கடினமான விதையோ கொட்டையோ உடைப்பதற்குக் குழிகள். பொதுவான கணக்கு இது. கணக்கு மீறுகிற பற்கள் நிறைய உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு ஹைராக்ஸ் கதையைச் சொல்வேன். முயல் அளவுள்ள பிராணி, ஆப்பிரிக்காவில் பாறை இடுக்குகளில் வாழ்வது. செரங்கெட்டியில் ஒரே பாறைக் குன்றில் இரண்டு இனங்கள் கலந்தே குடியிருக்கும். மழைக்காலத்தில் ஒன்று புல் மேயும், இன்னொன்று தழை தின்னும். ஆலன் வாக்கர் என்பவரும் அவருடைய இரு கூட்டாளிகளும் அந்தப் பற்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது புல் மேய்ந்ததன் பல்லில் கோடுகள், தழை தின்றதன் பல் வழவழப்பு. கோடை வந்து புல் காய்ந்ததும் முதல் இனமும் தழைக்குத் திரும்பும்; அப்போது கோடுகளும் போய்விடும். 1978-இல் இதை எழுதினார்கள். ஒரு குன்று, இரண்டு வாய், இரண்டு பருவம். இதைவிடச் சுத்தமான சோதனையை நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு இந்த வேலை தாம்பரம் லேபில் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் மூலமாக வந்தது. அவருக்கும் இது தெரியாது. பழைய எலும்புகளை ஆராயும் ஒருவர் லேபுக்கு வந்து, மாட்டுப் பல்லுக்கு எபாக்ஸியில் வார்ப்பு வேண்டும், ஒரு மைக்ரான் கூடப் பிசகக் கூடாது என்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வந்தவர் சென்றபின் மாஸ்டர் சொன்னார்: “டேய், நாம அச்சுல தப்பு பண்ணா செட்டு வாயில உக்காராது, பேஷன்ட் வந்து திட்டுவாரு. இந்த மாடு வந்து திட்டாது. அதனால நீதான் உன்னையே திட்டிக்கணும்.” இன்றுவரை அச்சு எடுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் கேட்கிறது.

அவர் கை எப்படி வேலை செய்யும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அச்சுக்குள் கலவையை நேராகக் கொட்டவே மாட்டார். ஒரு மூலையில் ஒரு சொட்டு. அது தானாக வழிந்து அடுத்த பல்லின் குழிக்குள் இறங்கும் வரை காத்திருப்பார். பிறகுதான் அடுத்த சொட்டு, அதே மூலையில். காற்றுக்கு வெளியேற வழி விட்டுத்தான் கலவை உள்ளே போக வேண்டும் என்பது அவர் சட்டம். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். அந்தச் சூடு வந்து, முழுக்க ஆறும் வரை யாரும் தொடக் கூடாது. புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு “இன்னும் பேசுது, விடு” என்பார். நான் எபாக்ஸிக்கு மாறிய பின்னும் மாறாதவை அந்த ஒரு மூலையும் அந்தக் காத்திருப்பும்தான்.

இனி துடைப்பது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய பற்களின் மேல் யாராவது எப்போதாவது வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஷெல்லாக் என்றால் ஸ்பிரிட்டில் கரையும், பாராலாய்டு என்றால் அசிட்டோனில் கரையும். தேய்முகத்தை விட்டுத் தள்ளி, ஓரத்தில் ஒரு துளி வைத்து எது என்று பார்த்துக்கொண்டு பிறகே ஆரம்பிக்க வேண்டும். பஞ்சை உருட்ட வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஒருமுறை பல்லைத் தொட்ட பஞ்சு மறுமுறை தொடக் கூடாது. ஏனென்றால் பஞ்சில் ஏறிய ஒரு மணல் துகள் போதும், ஐம்பதாயிரம் வருஷத்துக் கீறலுக்கு மேல் இன்றைக்கு ஒரு கீறல் போட. ஒரு மாணவி, நல்ல கெட்டிக்காரப் பெண், ஆட்டுப் பல் பளிச்சென்று வர வேண்டும் என்று வீட்டில் பற்பசை வைத்து விளக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பற்பசையே மெருகேற்றும் பொடிதானே. பல் அழகாக இருந்தது. படிக்க ஒன்றுமில்லை. “அடுத்த தலைக்குக் காசு நான் தர்றேன் சார்” என்றாள். வாங்கிக்கொள்ளவில்லை. அவளைப்போல் அதற்குப் பிறகு கவனமாகத் துடைத்தவர்கள் குறைவு.

அச்சுக்கு அடிஷன் சிலிகான், ரெகுலர் பாடி. டென்டிஸ்டுகளுக்கு லைட் பாடி பிடிக்கும், இடுக்கெல்லாம் ஓடும் என்று. கீறல் வேலைக்கு நடுத்தரக் கெட்டிதான் நம்பகமானது என்பது இந்தத் துறையில் பழகிப்போன வழக்கம். உலகம் முழுக்கப் பலர் ‘பிரசிடென்ட்’ என்ற ஒரே பிராண்டில் நிற்கிறார்கள், ஒருவர் அச்சோடு இன்னொருவர் அச்சை ஒப்பிட வேண்டும் என்பதற்காக. எந்தப் பிராண்டாக இருந்தாலும் ஒரு ஆய்வுக்குள் மாற்றக் கூடாது. முதல் அச்சை எடுத்ததும் தூக்கிப் போடுங்கள். பஞ்சு விட்டுவைத்த அழுக்கை அது பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டாவது அச்சுதான் வார்ப்புக்கு. சிலிகான் விலை தெரிந்தவர்களுக்கு முதல் அச்சைப் போட மனம் வராது. போடத்தான் வேண்டும்.

லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு சிலிகானைத் தொடாதீர்கள். லேடெக்ஸில் இருக்கும் கந்தகம் அது இறுகுவதைக் கெடுக்கும்; பல்லின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் நின்றுவிடும். புட்டி வகைக் கெட்டிச் சிலிகானைக் கையால் பிசையும்போது இது உடனே தெரிந்துவிடும். சிலிகான் கன்னில் அடிக்கும்போது தெரியாது, ஏற்கெனவே கையுறையோடு பல்லைப் பிடித்திருந்தால் அந்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கும். சரக்கு பழசு என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். நைட்ரைல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சு இறுகியவுடன் எபாக்ஸி ஊற்ற அவசரப்படுவது எல்லோருக்கும் வரும் வியாதி. இறுகிய பிறகும் சில சிலிகான்கள் மெல்ல வாயு விட்டுக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். ஊற்றியபின் சென்டிரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மிச்சக் காற்றும் மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஈரம் மிதக்கும். ஹார்டனர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் வார்ப்பின் மேல் எண்ணெய் பூசியதுபோல ஒரு படலம் வரும். மழைக்காலத்தில் நான் ஏசி போட்ட அறையில்தான் வார்க்கிறேன், மின்சாரம் போனால் வார்ப்பதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் குமிழி வரும். வந்தால் அடையாளம் தெரிய வேண்டும். வார்ப்பில் ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழி லென்ஸில் குழியாகத் தெரியும், அதுவும் அச்சில் வார்த்ததுபோல வட்டமாக, விளிம்பு வழவழப்பாக. உண்மையான குழியின் விளிம்பு பிய்ந்திருக்கும், வட்டம் கோணலாக இருக்கும். ஒரு பையன் ஒரு ஆட்டை “கொட்டை தின்னி” என்று எழுதிக்கொண்டு வந்தான். எல்லாம் குமிழி. அதே பல்லுக்கு மூன்று வார்ப்பு எடுக்கச் சொன்னேன். மூன்றிலும் ஒரே இடத்தில் இருப்பது பல்லுடையது, இடம் மாறுவது நம் கையுடையது. இந்த ஒரு வழக்கத்தைப் பழகிக்கொண்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

பார்ப்பதற்கு வருவோம். விளக்கைத் தலைக்கு மேல் வைத்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுத்த நிலையில் ஒளி வர வேண்டும். ஒளி ஓடும் திசையிலேயே ஓடும் கீறல் மறைந்துவிடும். வார்ப்பை மெல்லத் திருப்பினால் பளிச்சென்று எழும். எனவே ஒரு கோணத்தில் எண்ணி முடிக்கக் கூடாது. சாதாரண ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில், 35 மடங்கில், தெளிந்த எபாக்ஸி வார்ப்பைப் பார்த்து 0.4 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் எண்ணும் முறையை 2002-இல் சொலோனியாஸ், செம்ப்ரபான் இருவரும் வகுத்துக் கொடுத்தார்கள். என் போன்ற சின்ன லேப்களுக்கு அது பெரிய உபகாரம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு நேரம் கேட்டு, தங்கம் பூசி, முறைக்காகக் காத்திருக்கும் வேலை மிச்சம். கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் வந்தபிறகு கண்ணால் எண்ணுவதே வேண்டாம், பரப்பின் மேடுபள்ளத்தைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்றார்கள். சரி, அந்தக் கருவிக்கும் வார்ப்பு என்னிடமிருந்துதான் போகிறது. குமிழியை அது குழி என்றுதான் படிக்கும்.

நீளம் அகலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் கீறல், குறைந்தால் குழி. இது பொது வழக்கு. எண்ணுகிறவர் மாறினால் எண்ணிக்கையும் மாறும். ஒரே ஆள் காலையில் எண்ணியதும் மாலையில் எண்ணியதும் ஒத்துப்போகாது. ஆகவே லேபிளை மறைத்துவிட்டு எண்ணுங்கள். “இது மாடு” என்று தெரிந்துவிட்டால் கண் புல்லைத் தேட ஆரம்பித்துவிடும்.

பழகுவதற்கு ஆடும் மாடும் போதும். மான் பல் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள், கிண்டிப் பக்கம் செத்துக் கிடந்தது என்று எடுத்தும் வருகிறார்கள். வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் விளையாட்டில்லை. மார்க்கெட்டில் ஆட்டுத்தலை வாங்குங்கள், வேகவைத்து, இரண்டாவது கடைவாய்ப் பல்லை எடுங்கள். அகத்தி, வேப்பிலை, சுபாபுல் தின்ற ஆட்டுக்கும், வைக்கோலில் வளர்ந்த மாட்டுக்கும் வித்தியாசம் முதல் நாளே கண்ணில் படும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். புல்லிலுள்ள சிலிக்காதான் கீறுகிறதா, அதில் ஒட்டிய மண்ணா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனாமலைவிடக் குவார்ட்ஸ் கடினம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. நம் பக்கத்து மாடுகளுக்கு இன்னொரு தீவனமும் உண்டு, சுவரொட்டி. பசையோடு காகிதத்தைக் கிழித்துத் தின்னும் தாம்பரத்து மாட்டின் பல்லைப் பார்த்து எந்தக் காட்டு விலங்கையும் ஊகிக்க முடியாது. ஆனாலும் பார்க்கச் சொல்வேன், திமிர் அடங்குவதற்கு.

மண் என்றேன். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளின் கல் சார்னோகைட். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது. அதை வைத்துத்தான் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தக் கல்லுக்கு அந்தப் பேர் வைத்தார். அதில் குவார்ட்ஸ் உண்டு. கல் உடைக்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் மேயும் ஆடு எந்தத் தழையைத் தின்றாலும் பல்லில் கோடு விழும். இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட் கல் கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கம் என்ற கற்கருவி இடமும் தெரியவந்தது. பிறகு நடந்த அகழ்வில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவுக்கு அங்கே மூன்று விலங்குப் பற்கள் கிடைத்தன. கற்கருவிகளின் காலம் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். “அந்தப் பல்லில் கீறல் பார்த்தால் ஆதிமனிதன் காலத்து மேய்ச்சல் தெரிந்துவிடுமே” என்று கேட்காத மாணவர் இல்லை. மூன்று பல், அதுவும் வேறு வேறு விலங்குடையவை, ஆற்றுப்படுகை மண்ணில் கிடந்தவை. ஒரு இனத்துக்குப் பத்து, பதினைந்து பல்லாவது இல்லாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மண்ணுக்குள் விழும் கீறலும் உண்டு. செத்தபின் ஆற்றில் உருண்டால், சரளையோடு உரசினால், கோடுகள் கண்டபடி ஓடும், தேய்முகத்தில் மட்டுமல்லாமல் பல்லின் பக்கச் சுவரிலும் இருக்கும். மென்றதால் விழுந்த கோடு தாடை அசையும் திசையில் ஓடும். பொதுவாகப் பக்கச் சுவருக்கு வராது. பக்கச் சுவரிலும் அதே கோடு இருந்தால் அந்தப் பல்லை ஒதுக்கிவிடுங்கள். ஒரு தட்டுப் பற்களில் பாதியை இப்படி ஒதுக்கும்போது அனுப்பியவர்களுக்குக் கோபம் வரும். கீறல் எண்ண யாருக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எதை எண்ணக் கூடாது என்று தெரிவதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன.

பல்லின் அமைப்பை வைத்தே சாப்பாட்டைச் சொல்லிவிடலாம் என்பவர்களுக்குச் சிவாபிதிகஸ் கதை இருக்கிறது. சிவாலிக் மலைத்தொடரின் புதைபடிவக் குரங்கு. பல்லில் எனாமல் தடிப்பு. அதனால் கடினமான கொட்டைகளை உடைத்திருக்கும் என்றார்கள். 1984-இல் டீஃபோர்டு என்பவரும் ஹைராக்ஸ் பார்த்த அதே வாக்கரும் கீறல் பார்த்தார்கள். சிம்பன்சியின் பல்லோடு ஒத்துப்போனது, அதாவது பழம். பல்லின் வடிவம் எதைத் தின்ன முடியும் என்று சொல்லும். கீறல் எதைத் தின்றது என்று சொல்லும், அதுவும் கடைசிச் சில நாள், சில வாரத்துச் சாப்பாட்டை மட்டும். பழைய கீறலைப் புதுக் கீறல் அழித்துக்கொண்டே வரும். ஒருமுறை மலையடிவாரத்தில் தழை மேய்ந்த ஆடுகள் என்று சொல்லி வந்த தலைகளில் நெருக்கமாகக் கோடுகள். கணக்கு ஒத்துவரவில்லை. வியாபாரியிடம் போய்க் கேட்டேன். சந்தையிலிருந்து கொண்டுவந்து பட்டியில் அடைத்துக் கடலைக்கொடி போட்டிருந்தாராம். மண்ணோடு பிடுங்கிய கொடி. ஆடு மலையை மறந்துவிட்டிருந்தது.

இதெல்லாம் எனாமல். நான் இவ்வளவு வருஷம் பழகியதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது தரை ஸ்லாத்.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும், முன்பு என்னிடம் பழகிய ஒருவர் அனுப்பிய சிலிகான் அச்சுகளில்தான் அந்தப் பற்களை முதலில் பார்த்தேன். இன்று இருக்கும் ஸ்லாத்கள் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் தொங்குபவை. அவற்றின் பழைய உறவினர்கள் தரையில் நடந்தவை. பெரியது மெகாதேரியம், கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம், யானைக்கு ஈடான எடை. 1796-இல் கூவியே என்பவர் அந்தப் பேர் வைத்தார். இந்தியாவில் ஸ்லாத் எலும்பு எதுவும் கிடையாது. நம் கரடியைத்தான் 1791-இல் ஜார்ஜ் ஷா என்பவர் ஸ்லாத் இனம் என்று எழுதிவைத்துவிட்டார், நீண்ட நகத்தையும் மேல்வரிசையில் நடுப் பல் இரண்டு இல்லாததையும் பார்த்து. பல் செட் கட்டுகிறவன் என்ற முறையில் அந்தத் தவறை என்னால் மன்னிக்க முடிகிறது.

ஸ்லாத் பல்லுக்கு எனாமலே கிடையாது. வெளியே சிமெண்டம், அதற்குள் வளையமாகக் கெட்டியான ஆர்த்தோடென்டின், நடுவில் மென்மையான வாசோடென்டின். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே தேயும். கீறல் பார்க்க வேண்டிய இடம் அந்த ஆர்த்தோடென்டின் வளையம் மட்டுமே. மெகாதேரியத்தில் அது குறுக்கே ஓடும் இரண்டு வரம்பாக நிமிர்ந்து நிற்கும், அச்சில் தடவினாலே விரலுக்குத் தெரியும். சிறிய இனங்களில் மெல்லிய ஓரம்தான். வளையத்தை விட்டு லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் வேறு பொருளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

டென்டின் எனாமலைவிட மென்மை. எனாமலில் கோடு போடாத உணவும் இதில் போடும். போட்டது சீக்கிரம் அழியவும் செய்யும். எனவே ஆட்டுப் பல்லில் பழகிய எண்ணிக்கையை இங்கே கொண்டுவரக் கூடாது. டென்டின் முழுக்க நுண்குழாய்கள் ஓடுகின்றன, தேய்முகத்தில் அவற்றின் வாய்கள் இடியாப்ப அச்சின் துளைகள் மாதிரி வரிசையாகத் திறந்திருக்கும். எனாமலில் பழகிய கண் இவற்றைக் குழி என்று எண்ணிவிடும். எண்ணினால் எல்லா ஸ்லாத்தும் கொட்டை தின்னிதான். துளைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். உணவு போட்ட குழி அப்படிச் சீராக விழாது. புதைந்து கிடந்த காலத்தில் வேரும் அமிலமும் அரித்ததும் டென்டினில் அதிகம் தெரியும். ஆகவே ஸ்லாத்தில் ஒதுக்க வேண்டிய பற்கள் இன்னும் கூடுதல்.

எனாமல் இல்லாத பல்லில் இது நடக்குமா என்பதையே ஜெரமி கிரீன் என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல்தான் முறையாகப் பார்த்தார். நேராகப் புதைபடிவத்துக்குப் போகவில்லை. உயிரோடிருக்கும் மர ஸ்லாத், அர்மடில்லோ வகைகளின் பற்களை முதலில் எடுத்துக்கொண்டார், அவை என்ன தின்கின்றன என்று தெரியும் என்பதால். இலை தின்பவை, பழமும் இலையும் தின்பவை, பூச்சி தின்பவை, எல்லாம் தின்பவை என்று ஆர்த்தோடென்டின் கீறலிலேயே பிரிவது தெரிந்தபின் நோத்ரோதேரியாப்ஸ் என்ற அழிந்த ஸ்லாத்துக்கு வந்தார். அந்த இனத்தைத் தேர்ந்ததில்தான் அவர் தொழில் தெரிகிறது. அதன் சாணி இருக்கிறது! அரிசோனாவில் ராம்பார்ட் குகையில் வறண்ட காற்றில் ஆயிரக்கணக்கான வருஷம் கெடாமல் கிடந்தது. 1976-இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோவதற்கு முன்பே பிரித்துப் பார்த்திருந்தார்கள், பாலைவனத்துச் செடிகொடிகள். கீறலும் அதைச் செடிகொடி தின்னி என்றே காட்டியது. வாயும் வயிறும் ஒரே சாட்சி சொன்னால்தான் முறையை நம்பலாம்.

சாணி கிடைத்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. சிலியில் ஒரு குகையில் மைலோடான் என்ற தரை ஸ்லாத்தின் தோலும் முடியும் சாணியும் கிடைத்தன. பல்லையும் தாடையையும் பார்த்து அதைத் தாவரம் தின்னி என்றுதான் சொல்லிவந்தார்கள். 2021-இல் முடியிலுள்ள அமினோ அமிலங்களின் நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்த ஒரு குழு, அது இறைச்சிப் பொருளும் தின்றிருக்கிறது என்று சொன்னது. செத்த மிருகத்தின் மாமிசத்தை மென்றால் பல்லில் பெரிதாக என்ன கோடு விழும்? கீறலுக்கு அது எட்டாத இடம். இதைச் சொன்னால் சில மாணவர்களுக்குச் சோர்வு வருகிறது. எனக்கு வரவில்லை. கடைசிச் சில வாரம் வாயில் என்ன உரசியது என்பதைச் சொல்ல வந்த முறை அது, அதைச் சரியாகச் சொன்னால் போதும்.

இந்த வேலையில் காசு இல்லை. கட்டுரை வந்தால் வார்ப்பு எடுத்தவன் பேர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் வரும், சில சமயம் வராது. முதுகு வலிக்கும், கண் எரியும். ஒரு நல்ல வார்ப்பை வெளிச்சத்தில் சாய்க்கும்போது கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்க்கிற ஆசை இருப்பவர்கள் மட்டும் வாருங்கள்.

நம் ஊரில் இதற்கு உண்மையில் குறையாக இருப்பது கருவி இல்லை, சாப்பாடு தெரிந்த பல். கிரீன் மர ஸ்லாத்தில் ஆரம்பித்ததுபோல நாம் நம் ஆட்டிலும் எருமையிலும் ஆரம்பிக்க வேண்டும். கால்நடை வளர்ப்பவர்கள், கறிக்கடை வைத்திருப்பவர்கள், கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் யாராக இருந்தாலும், ஒரு தாடையை எடுத்து வைத்தால் அதோடு மூன்றே விஷயத்தைச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, கடைசி ஒரு மாதம் என்ன தீவனம். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும், பென்சிலில் எழுதுங்கள்.